கேட்டா முழுக்கப் புரியுது, பேச வரமாட்டேங்குது: இது மொழி தெரிஞ்ச கணக்கா?

ஆகஸ்ட் 4, வாசகர் கேள்வி

சொந்த ஊர் திருநெல்வேலி டவுன். இப்போ கொல்லத்தில் வேலை. ஆபீஸில் மலையாளத்தில் என்ன பேசினாலும் புரியுது. பக்கத்து சீட்டுக்காரர் போனில் வீட்டம்மாவோட சண்டை போடுறதுகூடப் புரியுது. ஆனா நான் வாயைத் திறந்தா தமிழ் வருது, இல்லேன்னா இங்கிலீஷ். ஒரு படிவத்தில் 'தெரிந்த மொழிகள்'னு கட்டம் இருக்கு. மலையாளம்னு எழுதலாமா? கூச்சம்தான் என்னைத் தடுக்குதுன்னு நினைக்கிறேன். வேற யாருக்காவது இப்படி உண்டா?

ஆகஸ்ட் 4, இரவு

எழுதுங்க தம்பி, தாராளமா எழுதுங்க.

நான் பாவூர்சத்திரத்தில காய்கறிக் கமிஷன் கடை வச்சிருக்கேன். சரக்கெடுக்க வாரதுல பெரும்பாலும் கேரளா வண்டி. புனலூர், கொட்டாரக்கரை, கொல்லம். சின்ன வயசுல அப்பா பக்கத்தில கல்லாவுல உக்காந்த நாள்ல இருந்து மலையாளம் காதுல விழுது. ஆனா நான் பேசுத மலையாளத்தைக் கேட்டா நீங்களே சிரிச்சிருவிய. எண்ணு வரும், காய் பேரு வரும், 'மதி' (போதும்), 'வேண்டா' வரும். அதுக்கு மேல தமிழ்தான்.

கூச்சம்னு சொல்லுதியளே, அதை ஒத்துக்கிட மாட்டேன். விடியக்காலை ஏலத்துல தொண்டை கிழியக் கத்துத ஆளுக்கு என்ன கூச்சம்? காரணம் எதிர்ல நிக்க ஆளுதான். அவனுக்குத் தமிழ் புரியும். 'இன்னு வெண்டய்க்கய்க்கு எந்தா வில?'ன்னு அவன் கேப்பான். 'நாப்பத்தஞ்சு, எத்தனை மூடை ஏத்த?'ன்னு நான் கேப்பேன். அவன் பதிலை மலையாளத்துல சொல்லுவான். பில்லு போட்டாச்சு, வண்டி கிளம்பிட்டு. இதுல நான் எதுக்கு மலையாளம் பேசணும்? தமிழ் செல்லாத இடத்துல கொண்டு நிறுத்தினாத்தான் வாய் திறக்கும். எல்லையில உள்ள புளியரைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அப்படி ஒரு இடம் லேசுல கிடைக்காது.

ஆகஸ்ட் 5

ஒரு சேர்க்கை. அம்மா ஊரு செங்கோட்டை. அது முதல்ல திருவிதாங்கூர், பிறகு 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சி. அந்தத் தேதிக்குப் பிறகு திருநெல்வேலி ஜில்லா, 2019ல இருந்து தென்காசி மாவட்டம். தாத்தா மலையாளம் எழுதுவாவ, வாசிப்பாவ, பேசுவாவ. அம்மா பேசுவா, எழுத்து தெரியாது. எனக்குக் காது மட்டும். என் மகனுக்கு சப்டைட்டில்.

ஆகஸ்ட் 7

நாகர்கோவில்காரர் ஒருத்தர் கீழே குட்டு வச்சிருக்காரு: "புரியுதுன்னு நீங்க நினைக்கிறதுல பாதி ஊகம். வெண்டைக்காய் மூடைக்கு முன்னாடி நின்னுக்கிட்டு ஒருத்தன் வேற என்னத்தைக் கேக்கப்போறான்?"

சரியான குட்டு. ரெண்டு நாளா அதையே யோசிச்சிட்டு இருந்தேன். சோதனையும் போட்டுப் பாத்தேன்.

ஒண்ணு, போன். நேர்ல நூத்துக்கு நூறு புரியுத அதே டிரைவர் போன்ல, அதுவும் லாரி சத்தத்துல, ஆரியங்காவுல ஏதோ மறியல்னு சொல்லுதான். மறியலா, மண்சரிவா, வண்டி பழுதான்னு எனக்குப் பிடிபடலை. முகமும் இல்ல, கையும் இல்ல, மூடையும் இல்ல. ரெண்டாவது, திருவனந்தபுரம் வானொலிச் செய்தி. பாதிக்கு மேல சம்ஸ்கிருதமா இருக்கு, மந்திரி பேரும் ஊர் பேரும் மட்டும் மாட்டுது. மூணாவது, கோழிக்கோட்டுல இருந்து ஒரு யாவாரி வந்தாரு. திருவனந்தபுரம், கொல்லம் ஆளுங்க பேசுதது நம்ம ஊர்ப் பேச்சு மாதிரியே இழுவையா வரும். அவிய தடியங்காய்னு (வெள்ளைப் பூசணி) சொல்லுதது நமக்கும் தடியங்காய்தான். கோழிக்கோட்டுக்காரர் பேச்சு ஓடுத வேகத்துல எனக்கு அரைவாசிதான் தேறிச்சு.

அப்போ எனக்குத் தெரிஞ்சது மலையாளமா, மண்டி மலையாளமா? நாகர்கோவில்காரருக்கு இந்த ரவுண்டு.

அதுக்காக முழுக்க ஊகம்னும் சொல்ல முடியாது. நம்ம இடையன்குடியில இருந்த கால்டுவெல் 1856ல ஒப்பிலக்கணம் போட்டாரே, அதுல மலையாளத்துக்கும் தமிழுக்கும் உள்ள முக்கிய வித்தியாசம்னு ரெண்டைச் சொல்லுதாரு. அங்க வினைச்சொல்லுல ஆள் காட்டுத விகுதி (வந்தேன், வந்தான்ல உள்ள 'ஏன்', 'ஆன்') கழண்டு போச்சு, வடமொழி நிறைய ஏறிட்டு. இந்த ரெண்டும் கேக்குதவனை ஒரே மாதிரி பாதிக்காது. விகுதி போனதால நமக்கு நட்டமே இல்ல. ஞான் வந்நு, அவன் வந்நு, அவள் வந்நு, எல்லாம் ஒரே 'வந்நு'. யாருன்னு முன்னாடியே சொல்லியாச்சு, புரிஞ்சிரும். வடமொழிதான் செய்தி வாசிக்கும்போது காலை வாருது.

பேசும்போது தலைகீழ். அந்த விகுதியை விடுறதுக்கு நம்ம நாக்கு சம்மதிக்காது. 'ஞான் வந்நேன்'னு வாலை ஒட்டித்தான் வெளிய விடும். எதிராளி சிரிப்பான். இங்கிலீஷ் பேசும்போது இந்தத் தொல்லை கிடையாது, ஏன்னா அது தூரத்து மொழி. பக்கத்து மொழியில வாய் தன் பாட்டுக்குத் தமிழ்த் தடத்துல இறங்கிருது. கேக்கதுக்கு எது வசதியோ அதுவே பேசதுக்கு இடைஞ்சல்.

ஆகஸ்ட் 7, பின்னிரவு

படிவத்துல 'மலையாளம் (கேட்க மட்டும்)'னு போடுங்கன்னு ஒரு புண்ணியவான் யோசனை சொல்லியிருக்காரு. எச்.ஆர். அதைப் பாத்தா ஒட்டுக் கேக்க ஆளுன்னு நினைப்பாவ.

ஆகஸ்ட் 10

'காதுல விழுந்துக்கிட்டே இருந்தா போதும், தானா வந்துரும்'னு ரெண்டு மூணு பேரு எழுதியிருக்காவ. வராது.

உவரிப் பக்கம் மாமா வீடு. எண்பதுகள்ல ஆன்டெனாவைக் கிழக்க திருப்பினா இலங்கை ரூபவாஹினி பளிச்சுன்னு எடுக்கும். 1982ல தொடங்கின சேனல். லீவுக்குப் போனா பொழுதன்னைக்கும் அதுதான். கிரிக்கெட், கார்ட்டூன், சிங்கள நாடகம். மாமா வீட்டுப் பிள்ளைங்க வருஷக்கணக்கா பாத்தாவ. ஒருத்தருக்காவது சிங்களம் புரிஞ்சுதா? விளம்பரப் பாட்டு ராகம் இன்னைக்கும் ஞாபகம் இருக்கு, அர்த்தம் சுத்தம்.

மொழி தூரம்னு சொல்லலாம், அதுவும் நெசம். ஆனா அதுல இன்னொண்ணு இருக்கு. அந்த டிவி எங்களைப் பாத்து எதுவும் கேக்கலை. மண்டியில மலையாளம் என்னைப் பாத்துப் பேசுது. 'எடா, ஆ பில்லெடு'ன்னு சொன்னா நான் பில்லை எடுத்துக் குடுக்கணும். தப்பான பில்லை எடுத்தா அப்பா முறைப்பாவ. அப்படித்தான் காது பழகுச்சு. நம்மளைப் பாத்துப் பேசினா காது பழகும், நம்ம பதிலுக்கு ஒருத்தன் காத்துக்கிட்டு நின்னா வாய் பழகும். முதல்ல உள்ளது எனக்குக் கிடைச்சுது, ரெண்டாவது கிடைக்கலை.

ஆகஸ்ட் 13

சங்கரன்கோவில் பக்கத்து அக்கா ஒருத்தி எழுதினதை ரெண்டு தடவை வாசிச்சேன். அவிய வீட்டுல தெலுங்கு. கரிசக்காட்டுல நாயக்கர் காலத்துலயே வந்து குடியேறின குடும்பங்கள் நிறைய உண்டு, தெரிஞ்சதுதான். அவ்வா தெலுங்குல கேப்பாவளாம், பேரப்பிள்ளைங்க தமிழ்ல பதில் சொல்லுவாவளாம். அவ்வா தெலுங்குல கதை சொல்ல, இவிய தமிழ்ல குறுக்குக் கேள்வி போட, அவ்வா தெலுங்குல வைய, இவிய தமிழ்ல மன்னிப்புக் கேக்க, இப்படியே ஒரு ஆயுசு ஓடியிருக்கு. யாருக்கும் குறையாத் தெரியலை.

நாகர்கோவில்காரர் இதை ஊகம்னு சொல்ல முடியாது. அவ்வா அடுத்த வீட்டுக் கிழவிகூடச் சாடை மாடையா பேசின வம்புகூட இந்த அக்காவுக்குப் புரியும். விடுகதை புரியும். முழுக் காது. ஆனா ஒரு வாக்கியம் சொந்தமா வராது.

இங்கேயும் என் கணக்கு பொருந்துது, அவ்வாவுக்குத் தமிழ் புரிஞ்சதால இவிய வாய் திறக்கலைன்னு நேத்து எழுத உக்காந்தேன். அதுக்குள்ள அக்கா அடுத்த பத்தி போட்டிருக்காவ. அவ்வாவுக்கு இப்போ எண்பதைத் தாண்டிட்டு, நினைவு தப்புது, தமிழ் கொஞ்சம் கொஞ்சமா நழுவுது. தமிழ்ல கேட்டா வெறிச்சுப் பாக்காவளாம். தெலுங்கு மட்டும் மிச்சம். ஒரு பக்கத்துக் காது போனதும் மொத்த ஏற்பாடும் படுத்துட்டு.

"எனக்கு எல்லாம் புரியுது அண்ணாச்சி, அவ்வாவுக்குத்தான் நான் சொல்லுதது புரியலை. இப்போ எங்க ஆரம்பிக்க?"ன்னு கேக்காவ. யாராவது விஷயம் தெரிஞ்சவிய சொல்லுங்க. எனக்குச் சட்டுனு தோணினது: அவ்வா உங்ககிட்ட என்னென்ன சொன்னாவளோ அதையே திருப்பிச் சொல்லுங்க. சாப்பிட வா, தண்ணி வேணுமா, படு, எந்திரி. ஆயுசு பூரா காதுல விழுந்த வாக்கியம், கிடங்குல இருக்கும்.

ஆகஸ்ட் 14

மக பாளையங்கோட்டையில பி.எட். படிக்கா. இதை எல்லாம் வாசிச்சிட்டு, "அப்பா, இதுக்கு ஆராய்ச்சியே இருக்கு"ன்னு வகுப்பெடுத்தா.

அவ சொன்னது: மாமா தெருமுனையில வந்தா நடையைப் பாத்தே மாமான்னு தெரியும். அதே மாமா முகத்தை ஒரு தாள்ல வரைஞ்சு காட்டுன்னு சொன்னா? புரியறது அடையாளம் கண்டுக்கிடுத வேலை, அரைகுறையா விழுந்தாலும் நடக்கும். பேசறதுக்கு எல்லாத்தையும் உள்ள இருந்து எடுக்கணும். வார்த்தை, விகுதி, வரிசை, உச்சரிப்பு, அதுவும் நொடிக்கு ரெண்டு மூணு வார்த்தை வேகத்துல. தாய்மொழியிலேயே நமக்குப் புரியற சொல்லு நிறைய, நாம எடுத்துப் பேசற சொல்லு கம்மி. குழந்தைக்கும் அப்படித்தான், 'பந்தை எடு'ன்னா எடுக்கும், 'பந்து'ன்னு சொல்ல மாசக்கணக்கு ஆகும்.

இன்னொண்ணும் சொன்னா. கனடாவுல இங்கிலீஷ் வீட்டுப் பிள்ளைகளைப் பிரெஞ்சு மூலமாப் பாடம் படிக்க வச்சாவளாம். பல வருஷம் படிச்ச பிறகு கேட்டுப் புரியறதுல பிரெஞ்சுப் பிள்ளைகளுக்குப் பக்கத்துல வந்துட்டாவ. பேச்சுல மட்டும் இலக்கணம் ஓட்டை. மெரில் ஸ்வெயின்ங்கிற அம்மா 1985ல இதைச் சொல்லி, கேக்கது மட்டும் போதாது, பேச வைக்கணும்னு எழுதினாவளாம். வாயைத் திறந்து முட்டி நின்னாத்தான் எது தெரியலைன்னு தனக்கே தெரியும்னு வாதம். கேக்கும்போது அந்த ஓட்டையை இடம் பொருள் அடைச்சிருதே.

பாவூர்சத்திரத்துல எனக்குத் தோணினது கனடாவுல ஏற்கெனவே தோணியிருக்கு. பரவாயில்ல.

ஆகஸ்ட் 20

இது கொஞ்சம் வேற. எங்க மண்டியில இப்போ லோடு ஏத்த ஒடிசா, பீகார் பையங்கதான். ஒருத்தன் ரொம்ப அமைதி. கேட்டா தலையாட்டுவான், இல்லேன்னா 'சரி மொதலாளி'. அவனுக்குத் தமிழ் தெரியாதுன்னு நாங்க அவன் முன்னாடி எல்லாத்தையும் பேசுவோம். யாரு கடன் திருப்பலை, எந்தக் கடைக்காரர் எடையில கை வைக்காரு, எல்லாம்.

போன வாரம் எங்க கணக்குப்பிள்ளை ஒரு கதை சொன்னாரு. மாமியா வீட்டுக்குப் போன மருமகன் கதை, இங்க எழுத முடியாது. முடிவுல ஒரு திருப்பம், அதுக்கு இடுப்புல கை வச்சு ஒரு இழுப்பு இழுப்பாரு. அவரு இழுக்க முன்னாடியே மூடைக்குப் பின்னாடி இருந்து 'ப்ஃபூ'ன்னு ஒரு சத்தம். பையன் வாயைப் பொத்திக்கிட்டு குனிஞ்சு நிக்கான், தோளு மட்டும் குலுங்குது.

கணக்குப்பிள்ளை முகத்தைப் பாக்கணுமே. அன்னைக்கில இருந்து கடன் கணக்கெல்லாம் உள் ரூம்ல.

பேசாம புரிஞ்சுக்கிடுத ஆளை நாம குறையா நினைக்கோம். அவன் பக்கம் நின்னு பாத்தா அது எவ்வளவு சௌகரியம்! என்னையும் இப்படித்தான் கேரளா யாவாரிங்க பாத்திருப்பாவ. அவிய ரெண்டு பேரு விலை பேசி வைக்கணும்னா வண்டிக்கு அந்தப் பக்கம் போயிருவாவ, சின்ன வயசுல எனக்கு அது ஏன்னு விளங்கலை.

ஆகஸ்ட் 25

நாகர்கோவில்காரர்: "தலைகீழ் கேஸ் உண்டா? பேச வரும், புரியாது?"

உண்டு, நம்ம கடற்கரையிலேயே உண்டு. 1542ல சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தப்போ தமிழ் தெரியாது. போர்ச்சுகீசும் தமிழும் தெரிஞ்ச ஆட்களை வச்சு ஜெபங்களைத் தமிழ்ல ஆக்கி, மனப்பாடம் பண்ணி, ஊரு ஊராச் சொல்லிக் குடுத்தாரு. கடிதத்துல அவரே எழுதியிருக்காரு. வாய் முழுக்கத் தமிழ். கேக்க ஜனம் பதிலுக்கு ஒண்ணு கேட்டா மொழிபெயர்க்க ஆளு வேணும். அவருக்குப் பின்னால வந்த அன்றீக் பாதிரியார் வேற ரகம். உக்காந்து படிச்சாரு, பேசினாரு, 1578ல கொல்லத்துல தமிழ் எழுத்துல புத்தகமே அச்சடிச்சாரு. கேள்வி கேட்ட தம்பி, உங்க கொல்லம்தான். அங்க புத்தகம் போட்ட ஒருத்தர் அயல் மொழியையே முழுசாப் பிடிச்சிருக்காரு, உங்களால பக்கத்து மொழியைப் பிடிக்க முடியாதா?

ஆகஸ்ட் 31

ஓணம் நெருக்கம். சேனை, தடியங்காய், முருங்கை, பயறு எல்லாம் அவியலுக்குப் பறக்குது. தூக்கமே இல்ல. பதில் எழுத நேரம் இல்ல, கோபிக்காதிய.

செப்டம்பர் 11

கொல்லத்துத் தம்பி ஒரு தகவல் போட்டிருக்காரு. துணிஞ்சு ஆபீஸ்ல மலையாளம் பேசிப் பாத்தாராம். மூத்த அதிகாரியை மரியாதையா 'நிங்ஙள்'னு சொன்னாராம். அந்த மனுஷர் முகம் சுருங்கிட்டாம். பக்கத்து சீட்டுக்காரர்தான் பிறகு சொல்லியிருக்காரு, அந்தப் பக்கம் பெரியவங்களை நிங்ஙள்னு கூப்பிட மாட்டாவ, சார்னோ சேட்டன்னோ முறை வச்சோதான் பேசுவாவன்னு. நம்ம 'நீங்க'ங்கிற நினைப்புல அதை எடுத்து வீசியிருக்காரு.

இதுல முக்கியமான ஒண்ணு இருக்கு. தம்பி அத்தனை நாள் கேட்டாரே, மூத்தவங்ககிட்ட யாரும் அப்படிச் சொல்லலைங்கிறது ஏன் காதுல படலை? கேக்கும்போது விஷயத்தை மட்டும் எடுத்துக்கிடுதோம், எப்படிச் சொன்னாவங்கிறதைக் கழிச்சு விட்டிருதோம். எதைச் சொல்லலைங்கிறது நமக்கு விழுறதே இல்ல.

சங்கரன்கோவில் அக்காவும் வந்திருக்காவ. நான் சொன்ன யோசனையில அவ்வாவுக்குக் கோபம் வந்துட்டாம்! அவ்வா பேத்தியை 'ரா'ன்னுதானே (வா) கூப்பிடுவாவ. பேத்தி அதையே திருப்பி அவ்வாவைப் பாத்து 'ரா'ன்னா? நினைவு தப்பினாலும் மரியாதை தப்பலை. இவிய அம்மா அவ்வாகிட்ட எப்படிப் பேசுவாவன்னு யோசிச்சு 'ரண்டி'ன்னு (வாங்க) மாத்தியிருக்காவ. 'நீள்ளு காவாலா'ன்னு (தண்ணி வேணுமா) கேட்டா இப்போ தலையாட்டுதாவளாம். கேள்வியும் கூப்பாடும் சீக்கிரம் வந்துட்டு, நடந்ததை ஒரு கதையாச் சொல்ல மட்டும் இன்னும் வரலையாம். சின்னப் பிள்ளையாவே இருந்து கேட்ட மொழியில, சின்னப் பிள்ளைக்கு உள்ள வாக்கியம்தான் கையில இருக்கு. என் யோசனையில பாதி தேறிச்சு.

மலையாளத்துல எனக்கும் இதே கதைதான். என்கிட்டப் பேசினவனெல்லாம் வாங்க வந்தவன். விக்கவன் பேசுத மலையாளத்தை நான் எங்க கேட்டேன்?

செப்டம்பர் 14

அதைச் சரிபண்ண ஒரு வழி பாத்திருக்கேன். கொட்டாரக்கரையில இருந்து வார ஒரு டிரைவர், நல்ல பழக்கம். 'இனிமே நான் மலையாளத்துலதான் பேசுவேன், நீ தமிழ்ல உதவிக்கு வரக்கூடாது, நான் முட்டிக்கிட்டு நின்னாலும் சும்மா நில்லு'ன்னு சொல்லி வச்சேன். சரின்னான். முத நாள் நான் தடியங்காய் விலையை ஏன் ஏத்தினேன்னு விளக்க ஆரம்பிச்சேன். மழை, வரத்துக் குறைவு, வண்டி வாடகை. ரெண்டாவது வாக்கியத்துல வால் ஒட்டிட்டு. மூணாவதுல நின்னுட்டேன். அவன் சொன்னபடி சும்மாவே நின்னான், புண்ணியவான். நாலு வண்டிக்காரன் சுத்தி நின்னு பாக்கான். ஒருவழியா முடிச்சேன்.

எல்லாம் கேட்டுட்டு அவன் சொன்ன பதில், நல்ல தமிழ்ல: "அண்ணாச்சி, ரெண்டு ரூபா குறைங்க."

குறைக்கலை. காரணத்தை மறுபடி முதல்ல இருந்து மலையாளத்துல சொன்னேன். ரெண்டாம் தடவை கொஞ்சம் பரவாயில்லைன்னு கணக்குப்பிள்ளை சொல்லுதாரு. அவருக்கு மலையாளம் பேச வராது, புரியும்.